கையெழுத்துப் போடும் முன்

செல்போன் கடை. ஒரு அக்கா போன் வாங்க வந்தார். கூலி வேலை செய்பவர்.

"விலை 12,000 ரூபாய். இப்போது 2,000 கட்டினால் போதும். மீதியைத் தவணையில் கட்டலாம். வட்டியே இல்லை. இங்கே கையெழுத்துப் போடுங்க அக்கா" என்றார் கடைக்காரத் தம்பி.

அக்கா பேனாவை வாங்கினார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. தாளை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"தம்பி, பிராசசிங் கட்டணம் 500 என்று இருக்கிறதே?"

"அது எல்லாருக்கும் உண்டு அக்கா."

"தவணை எவ்வளவு?"

"மாதம் 1,000. மொத்தம் 11 மாதம்."

அக்கா தன் நோட்டில் கணக்குப் போட்டார்.

முன்பணம் 2,000
கட்டணம் 500
தவணை 11 × 1,000 = 11,000
மொத்தம் 13,500

"விலையைவிட 1,500 ரூபாய் கூடுதல். வட்டி இல்லை என்றாயே தம்பி! மழைக்காலத்தில் எனக்கு வேலையும் இருக்காது. யோசித்துவிட்டு வருகிறேன்."

அக்கா கேட்டது சரியான கேள்வி. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று 2013ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி சொன்னது. வட்டி, கட்டணம் என்ற பெயரிலும் வரும்.

நன்மைகள்

1. மொத்தப் பணம் இல்லாமலே போன் கிடைக்கும். கந்துவட்டிக்காரரிடம் போக வேண்டாம்.
2. தவணையை ஒழுங்காகக் கட்டினால் அது பதிவாகும். பின்னால் வேறு கடன் வாங்க உதவும்.

தீமைகள்

1. மொத்தச் செலவு கூடலாம்.
2. தவணை நாளில் வங்கிக் கணக்கில் பணம் இல்லை என்றால் அபராதம் விழும்.
3. போன் உடைந்தாலும் தொலைந்தாலும் தவணை நிற்காது.
4. தவணை தவறினால் அதுவும் பதிவாகும். பிறகு கடன் கிடைப்பது கடினம்.

நமது உரிமை

2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி இது. வங்கியோ நிதி நிறுவனமோ கடன் கொடுக்கும் முன் விவரத் தாள் தர வேண்டும். நமக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். வட்டி, கட்டணம், தவணை எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை நம் சம்மதம் இல்லாமல் வாங்கக் கூடாது. யோசிக்கக் குறைந்தது 3 வேலை நாள் உண்டு.

குறை இருந்தால் முதலில் கடன் கொடுத்தவரிடம் எழுதிக் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியில் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

இன்னொன்று. போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்வதும் கையெழுத்துப் போடுவதும் ஒன்றுதான். எதற்கு என்று தெரியாமல் சொல்லாதீர்கள்.

கைநாட்டு வைத்த காலத்தில் பிறர் சொன்னதை நம்பினோம். இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். முதலில் படிப்போம். பிறகு கையெழுத்துப் போடுவோம்.

யோசியுங்கள்

1. அக்கா மாதம் 1,000 ரூபாய் சேர்த்தால் 12,000 சேர எத்தனை மாதம் ஆகும்?
2. அக்காவின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? ஏன்?