எரிபொருள் நின்றால் சோறும் நின்றுவிடுமா?

கேள்வி: நிலக்கரியும் பெட்ரோலும் இல்லாமல் போனால் மின்சாரம் மட்டுமல்ல, உரமும் இருக்காது, சோறும் இருக்காது என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன். உண்மையா?
– வாசகி, ஈரோடு

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, சோறு இருக்கும்!

மின்சாரத்துக்கு வழி தெரிந்துவிட்டது. ஐஸ்லாந்து தன் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் ஆற்று நீரிலிருந்தும் பூமியின் வெப்பத்திலிருந்தும் எடுக்கிறது.

உரத்தைப் பற்றி உங்கள் மகன் கேட்பது நல்ல கேள்வி. நைட்ரஜன் உரத்துக்கு அம்மோனியா வேண்டும். அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். இன்று அதைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கிறார்கள். ஆனால் ஹைட்ரஜன் தண்ணீரிலும் இருக்கிறதே! நார்வேயின் ரியூக்கான் ஊரில் 1920களின் இறுதியிலேயே அருவி மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனில் அம்மோனியா தயாரித்தார்கள். எரிவாயு மலிவாகக் கிடைத்ததால்தான் அந்த வழி ஓரங்கட்டப்பட்டது.

உண்மையில் கடினமானவை விமானம், கப்பல், சிமென்ட், எஃகு. எஃகுக்கும் நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனைப் பயன்படுத்தும் முறையை ஸ்வீடன் சோதித்துக் காட்டியிருக்கிறது. இனி வேண்டியவை மலிவான மின்சாரம், சேமிக்கும் வசதி, சில பத்தாண்டு உழைப்பு.

அந்த வேலைக்கு வேதியியலும் மின்பொறியியலும் தெரிந்த இளைஞர்கள் ஏராளமாகத் தேவை. மகனிடம் சொல்லுங்கள்.