ஏழு நாள் குறை

அன்புள்ள பேரனுக்கு,

வாரங்களை ஆண்டாக மாற்றுவது பள்ளிக்கூடத்து வகுத்தல் கணக்காகவே பலருக்கும் படுகிறது. மலேசியாவின் பேரா மாநிலத்துப் பழைய ரப்பர் தோட்டங்களில் உழைத்தவர்களின் பணிக்காலத்தை ஈப்போ அலுவலகத்தில் அமர்ந்து கணக்கிடப் பழகும் இளைஞருக்கோ அது பிறருடைய சம்பளம். 52 வாரம் என்பது 364 நாளே ஆகையால், வாரங்களைக் கூட்டி 52-ஆல் வகுப்பவர் சாதாரண ஆண்டுக்கு ஒரு நாளும் லீப் ஆண்டுக்கு இரண்டு நாளும் பிசகுகிறார். மாதத்துக்கு நான்கு வாரம் என்னும் வீட்டுக் கணக்கில் ஆண்டு 48 வாரத்தோடு முடிந்துவிடும். அதைப் பேசவே வேண்டாம்.

ஓராண்டாவது தொடர்ந்து உழைத்து, ஆட்குறைப்பில் வேலையிழப்பவருக்குச் சேர வேண்டிய பணிநீக்க உதவித்தொகையை மலேசியாவின் 1980-ஆம் ஆண்டு விதிகள் படிப்படியாக வகுத்துள்ளன: பணிக்காலம் இரண்டு ஆண்டுக்குக் குறைந்தால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், ஐந்துக்குக் குறைந்தால் 15 நாள், ஐந்து நிறைந்தால் 20 நாள். 2019 மார்ச் 1 அன்று சேர்ந்தவர் 2024 பிப்ரவரி 22 அன்று 260 வாரத்தை முடிக்கிறார். 52-ஆல் வகுத்தால் சரியாக ஐந்து ஆண்டு, ஆனால் அந்த ஐந்தாண்டில் இரண்டு பிப்ரவரி 29 அடங்குவதால் நாள்காட்டிப்படி ஏழு நாள் குறை. அன்றே பணி முடிந்தால், முழுமையடையாத ஆண்டை அருகிலுள்ள மாதத்துக்குக் கணக்கிடும் விதிப்படி அவருக்கு 75 நாள் சம்பளம். அந்த ஏழு நாளும் உழைத்திருந்தால் 100.

பணிநீக்க முன்னறிவிப்பை மட்டும் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்திலேயே அளக்கிறது. மேற்சொன்ன மூன்று படிகளுக்கும் முறையே 4, 6, 8 வாரம். அறிவிப்புக் காலம் முடியும் நாளே பணி முடியும் நாள் என்பதால், பிப்ரவரி 22-இல் ஆறு வார அறிவிப்புப் பெற்றவர் அந்த வாரங்களை வேலையில் இருந்தே கழித்தால் ஐந்தாண்டைத் தாண்டிவிடுகிறார். கணக்கெழுதுவோர் பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

செக்ரோல், அதாவது விடியலில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டுத் தோட்ட எழுத்தரான கிராணி குறித்துவந்த ஏடு, நாளுக்கொரு கட்டமாக வேலை நாளைக் காட்டுமேயன்றிப் பணிக்காலத்தைக் காட்டாது. மழையில் பட்டை நனைந்து பால் வெட்டு நின்ற நாளின் கட்டம் வெறுமையாக இருந்தாலும் அந்த நாளும் பணிக்காலத்தில் சேரும். தோட்டம் கைமாறி, புதிய முதலாளியின் கீழ் அதே நிபந்தனைகளில் வேலை தொடர்ந்தால், பழைய ஆண்டுகளும் கூடவே வரும்.

ஆகவே வகுத்தலை விட்டு, சேர்ந்த தேதியையும் முடிந்த தேதியையும் எடுத்துக்கொண்டு, மார்ச் 1 முதல் அடுத்த பிப்ரவரி கடைசி நாள்வரை ஓர் ஆண்டு என்று எண்ணிச் செல்வதே முறை. சேர்ந்த தேதி தெரியாதபோது சேமநிதிச் சந்தாப் பதிவு முதல் மாதத்தைக் காட்டும். எந்த நாள் என்பதற்குச் செக்ரோலின் முதல் கட்டத்தைத்தான் தேட வேண்டும்.

அன்புடன்,
தாத்தா