வெளிநாட்டு வாழ்வும் மாணவரின் அடையாள உணர்வும்

(க.பொ.த. சாதாரண தரம் – கட்டுரைப் பயிற்சி)

“வெளிநாடு சென்றால் பண்பாடு அழிந்துவிடும்” என எழுதும் மாணவர் பலர். “வெளிநாடு சென்றால்தான் அறிவு விரியும்” என எழுதுவோர் வேறு சிலர். இரண்டும் அரைகுறை விடைகளே. காந்தியடிகளின் இலண்டன் மாணவப் பருவத்தை (1888–1891) உதாரணமாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

1. புறப்பாடு
1888 செப்டெம்பரில், தமது 18ஆவது வயதில், சட்டம் பயிலக் கப்பலேறினார். கடல் கடத்தலை எதிர்த்த சாதித் தலைவர்கள் அவரைச் சாதியிலிருந்து விலக்கினர். மது, மாது, மாமிசம் மூன்றையும் தீண்டுவதில்லை எனத் தாய்க்கு வாக்களித்திருந்தார்.

2. பிறரைப் போலாதல்
இலண்டனில் ஆங்கிலக் கனவானாக மாற முயன்றார். உயர்ந்த தொப்பி வாங்கினார். நடனம், வயலின், பிரெஞ்சு மொழி ஆகியவற்றைக் கற்கத் தொடங்கினார். ஏறத்தாழ மூன்று மாதங்களில் இம்மோகம் தணிந்தது. தாம் வந்தது படிக்கவே என உணர்ந்தார்.

3. தம்மைத் தாமே அறிதல்
இப்பகுதியே மிக முக்கியமானது. அதுவரை அவர் புலால் உண்ணாமைக்குத் தாய்க்களித்த வாக்கே காரணம். இந்தியர் புலால் உண்பது நல்லதென்றே உள்ளூர எண்ணியிருந்தார். மரக்கறி உணவகமொன்றில் வாங்கிய, ஹென்றி சால்ட் என்ற ஆங்கிலேயரின் நூலைப் படித்த பின்னரே அதனைத் தம் கொள்கையாக ஏற்றார். பிரம்மஞான சபையினர் இருவர் பகவத்கீதையைத் தம்முடன் சேர்ந்து வாசிக்க அழைத்தபோது, அதனைத் தாய்மொழியிற்கூடப் படிக்காதமைக்காக வெட்கினார்.

4. படிப்படியான மாற்றம்
1891இல் பாரிஸ்டராகத் தாயகம் திரும்பிய பின்னரும் ஐரோப்பிய உடையைத் தொடர்ந்து அணிந்தார். ஏழை விவசாயியைப் போல அரையாடைக்கு மாறியது 1921இல், மதுரையில்.

முடிவு
வீட்டிலிருக்கும்வரை மரபு நமக்குப் பழக்கம் மட்டுமே. அந்நிய மண்ணில் “நீ ஏன் இப்படி வாழ்கிறாய்?” என்ற கேள்வி எழுகின்றது. விடை தேடுபவருக்கு மரபு சொந்தமாகின்றது. தேடாதவருக்கு அது நழுவிப்போகலாம்.

கவனிக்க:
கனடாவிலோ ஐரோப்பாவிலோ படிக்கும் உங்கள் உறவினரைப் பற்றி எழுதும்போது “மாறிவிட்டார்” என ஒரே வரியில் முடிக்காதீர்கள். எது மாறியது, எது நிலைத்தது, எது தெளிவடைந்தது என மூன்று பந்திகளாக எழுதுங்கள்.

பயிற்சி வினாக்கள்
(அ) வாக்குக்காகக் கடைப்பிடித்தல், கொள்கையாக ஏற்றல் என்பவற்றுக்கிடையிலான வேறுபாட்டை உதாரணத்துடன் விளக்குக.
(ஆ) “உடையை மாற்றுவதும் அடையாளத்தை இழப்பதும் ஒன்றல்ல.” ஆராய்க.