திண்ணைப் பள்ளியும் தரங்கம்பாடிப் பள்ளியும்

பூம்புகார்க் கடற்கரையினின்று தெற்கே சிறிது தொலைவு சென்றால் தரங்கம்பாடி தோன்றும். முன்னது சிலப்பதிகாரத்தாற் புகழ் பெற்றது; பின்னது அச்சுக்கூடத்தாற் புகழ் பெற்றது. இவ்விரண்டையும் சூழ்ந்த காவிரிக் கடைமடை நாட்டிலே முந்நூறு ஆண்டுகட்கு முன்னர் இருவகைப் பள்ளிகள் நடைபெற்றன. ஒன்று ஊர்தோறும் இருந்த திண்ணைப் பள்ளி. மற்றொன்று 1707-ல் தரங்கம்பாடியிலே தொடங்கிய தருமப் பள்ளி. பள்ளி ஒன்றை அளத்தற்கு இரண்டு கோல்கள் வேண்டும் என்பது எம் கருத்து. அங்குக் கற்பிக்கப்படுவது எத்துணை ஆழமுடையது என்பது ஒன்று. அதன் வாயில் யார் யார்க்குத் திறந்துளது என்பது மற்றொன்று. இவ்விரு கோல்களாலும் அவ்விரு பள்ளிகளையும் அளந்து காண்போம்.

முதற்கண் திண்ணைப் பள்ளியை நோக்குவோம். விசயதசமியன்று பள்ளியிற் சேர்ந்த சிறுவன் மணலில் விரலால் எழுதத் தொடங்குவான். கை பழகியபின் ஓலையும் எழுத்தாணியும் பெறுவான். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் உலகநீதியும் அவனுக்கு மனப்பாடம். நிகண்டு சொற்செல்வம் தரும். எண்சுவடியோ முந்திரி, காணி, மா எனும் கீழ்வாயிலக்கங்களை நாவில் நிறுத்தும். குழிமாற்று அறிந்த சிறுவன் வயலின் நீள அகலம் கேட்ட அளவில் அதன் பரப்பைச் சொல்லுவான். நெல் விளையும் நாட்டிற்கு இதனினும் ஏற்ற கணக்கு யாது? மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடம் சொல்லுவான். ஆசிரியர்க்கு நெல்லும் சிறு காசுமே ஊதியம்.

இனித் தரங்கம்பாடிப் பள்ளியைக் காண்போம். 1706 சூலை 9-ஆம் நாள் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்க நாடியபொழுது, திண்ணை ஆசிரியர் ஒருவரையும் அவர்தம் மாணாக்கரையும் தம் இல்லத்திற்கு வருவித்து, அச்சிறுவரோடு தாமும் அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்றார். பின்னர்த் தாம் நிறுவிய பள்ளியிற் சிறுவர்க்கேயன்றிச் சிறுமியர்க்கும் இடமளித்தார். வறிய பிள்ளைகட்கு உணவும் உடையும் இலவசமாகக் கிடைத்தன. 1713-ல் ஜெர்மனியினின்று தமிழ் அச்செழுத்துக்கள் வந்து சேர்ந்தபின், ஏட்டோடு அச்சிட்ட நூலும் மாணாக்கர் கைக்கு எட்டலாயிற்று.

இவ்விரு பள்ளிகளும் ஒன்றையொன்று அறியாதன அல்ல. திண்ணையிற் பயின்ற கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா என்னும் மூன்றையும் சீகன்பால்கு 1708-லேயே ஜெர்மானிய மொழியிற் பெயர்த்தார். பிற்காலத்தே சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளியை 1789 முதல் மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதுதலையும் மாணாக்கரே மாணாக்கர்க்குக் கற்பித்தலையும் கைக்கொண்டு, 1797-ல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அம்முறை இங்கிலாந்தில் ‘சென்னை முறை’ என்றே வழங்கிற்று. நம் திண்ணை அயலார்க்கும் ஆசானாயிற்று என்க.

எனினும் குறைகளை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. திண்ணையின் ஆழம் பெரிது, வாயிலோ குறுகியது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் தொடங்கிய கணக்கெடுப்பின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் பயின்றனர். அவருட் பெண்கள் 4,540 பேரே. நூற்றுக்கு மூவர்கூட இல்லை. வயலில் உழைத்த சேரி மக்களின் பிள்ளைகட்கோ பெரும்பாலும் திண்ணை எட்டவேயில்லை. அவ்வயலைக் குழிமாற்றால் அளக்கக் கற்றவன் ஒருவன். அதிற் சேறு மிதித்தவன் வேறொருவன். தரங்கம்பாடிப் பள்ளி வாயிலை அகலத் திறந்தது; ஆயினும் அதனை நடத்திய சபையின் கோயில்களிலேயே சாதிவாரியான தனியிருக்கை நெடுங்காலம் நீங்கவில்லை. வாயிலைத் திறப்பது எளிது. உள்ளே ஒரே பாயில் அமர்த்துவதே அரிது.

இன்று இந்நாட்டு ஊர்ப்புற அரசுப் பள்ளிகள் இவ்விரண்டிற்கும் வழித்தோன்றல்களாம். 1956-ல் காமராசர் ஆட்சியில் விரிந்த மதிய உணவும், 2023 ஆகஸ்டு 25-ஆம் நாள் இதே டெல்டாவிலுள்ள திருக்குவளையினின்று மாநிலமெங்கும் விரிவாக்கப்பெற்ற காலை உணவும், பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்னும் தரங்கம்பாடி அறிவின் தொடர்ச்சியே. மீனவர் மகளும் உழவர் மகனும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். வாயில் என்னும் கோலால் அளந்தால், முன்னோர் கனவிலும் காணாத வெற்றி இது.

மற்றைக் கோலை மறக்கலாமோ? பொருளுணராது ஒப்பித்தல் திண்ணையின் குறை என நாம் நகையாடுகின்றோம். தேர்வுக்கென வினாவிடைகளை நெட்டுருச் செய்து, முடிந்தவுடன் மறக்கும் நம் பழக்கம் அதனினும் மேலானதன்று. திண்ணைச் சிறுவன் ஒப்பித்ததையேனும் முதுமை வரை மறந்திலன். தமிழ் பயிலும் நம்முட் பலர் நாளை இக்கடற்கரைப் பள்ளிகளில் ஆசிரியராதல் கூடும். அன்று திண்ணையின் ஆழத்தையும் தரங்கம்பாடியின் திறந்த வாயிலையும் ஒரே வகுப்பறையில் இணைப்பது நம் கடன். ஒன்றைப் பெறுதற்கு மற்றொன்றை இழக்கவேண்டும் என்பார் கூற்றை யாம் ஏற்கிலம்.