கோழியின் தீனிப்பைக் கோளாறுகள்

மாலையில் பஞ்சாரத்தில் அடைக்கும்போது கோழியின் கழுத்தடியில், சற்று வலப்புறமாக, ஒரு பை திரண்டு நிற்பதைக் காணலாம். இதுவே தீனிப்பை. இரைப்பை என்றும் சொல்வர். பகலெல்லாம் பொறுக்கிய இரை இதில் தங்கி ஊறி, சிறிது சிறிதாகக் கீழே இறங்கி, அரைவைப்பையில் அரைபடுகிறது. எனவே மாலையில் பை நிறைந்திருப்பது இயல்பு. இரவில் இரை முழுவதும் இறங்கிவிடும். விடியற்காலையில் பஞ்சாரத்தைத் தூக்குமுன் தடவிப் பாருங்கள். பை வெறுமையாக இருக்க வேண்டும். அப்போதும் நிறைந்திருந்தால் கோளாறு உண்டு என்று கொள்ளலாம். இந்தச் சோதனைக்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

பை கெட்டியாக, பிசைந்த மாவுருண்டை போல் இருந்தால் அது அடைப்பு. நார் மிகுந்த பொருள்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் இது உண்டாகிறது. கடமலைக்குண்டு, வருசநாட்டுப் பகுதிகளில் இலவங்காய் உடைக்கும் களத்தில் விதையைப் பொறுக்கும் கோழி பஞ்சையும் சேர்த்து விழுங்கக்கூடும். முற்றிய நீளப் புல், தேங்காய் நார், சாக்கு நூல், பிளாஸ்டிக் கயிற்றுத் துணுக்கு ஆகியவையும் அடைப்பை உண்டாக்கும். அடைத்து வளர்க்கும் கோழிகளுக்கு அரைவைக்குரிய சிறு கற்கள் கிடைப்பதில்லை. அவற்றுக்குப் பெருமணலும் சிறு கருங்கல் துகளும் ஒரு சட்டியில் வைப்பது நல்லது. கிளிஞ்சல் வயிற்றில் கரைந்துவிடும். முட்டை ஓட்டுக்கு உதவுமேயன்றி அரைவைக்கு உதவாது.

அடைப்புக் கண்ட கோழியைத் தனியே பிரித்து, ஒரு நாள் இரையை நிறுத்தி, நல்ல தண்ணீர் மட்டும் வையுங்கள். 2 அல்லது 3 மில்லி நல்லெண்ணெயை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக, கோழி தானே விழுங்கும்படி விடவும். அவசரப்பட்டு ஊற்றினால் எண்ணெய் மூச்சுக்குழலில் புகுந்துவிடும். பிறகு கோழியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பையை விரல்களால் சில நிமிடங்கள் மெல்லப் பிசைந்து கட்டியை இளக்கவும். நாளுக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். மறுநாளும் இளகாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். சிலர் வீட்டிலேயே பிளேடால் கீறி, இரையை எடுத்துவிட்டு, ஊசி நூலால் தைத்துவிடுகிறார்கள். தோலையும் பையையும் தனித்தனியே தைக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வலியும் சீழும் கோழிக்குத்தான். இதை நான் ஒப்பமாட்டேன்.

தோல்பையில் தண்ணீர் நிரப்பியது போல் தளதளவென்றிருந்து, அலகைத் திறந்தால் புளித்த நாற்றம் வீசினால் அது புளிப்பு. இரை தேங்குமிடத்தில் ஒருவகைப் பூசணம் பெருகுவதால் உண்டாவது. பூசணம் பிடித்த தானியம், அழுக்குத் தண்ணீர், தேவையின்றி நெடுநாள் கொடுத்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஆகியவை இதற்கு இடம் தரும். கோழியைத் தலைகீழாகப் பிடித்துப் பையை அமுக்கி நீரைக் கொட்டுவது ஆபத்து. அந்த நீர் நுரையீரலில் இறங்கினால் கோழி கையிலேயே செத்துவிடும். அரை நாள் இரையை நிறுத்தித் தண்ணீரை அடிக்கடி மாற்றி வைத்து, பூசணத்துக்குரிய மருந்தை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். வயலுக்கு வாங்கிய மயில்துத்தத்தைக் கண்ணளவில் கரைத்துக் கொடுக்க வேண்டாம். அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சு.

பை தளர்ந்து நிரந்தரமாகத் தொங்கிவிட்டால் பழைய நிலைக்கு வருவது அரிது. சிறிது சிறிதாகத் தீனி கொடுத்துப் பார்க்கலாம். அடைக்கு வைக்க அதன் முட்டையை எடுக்க வேண்டாம்.

இனிச் சொல்வதை மிகவும் கவனிக்க வேண்டும். பை நிறைந்திருப்பது எப்போதும் பையின் நோய் அன்று. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோயிலும் பையில் நீர் தேங்கும், வாயில் கோழை வடியும். ஒரே கோழிக்குக் கண்டால் அது தீனிப்பைக் கோளாறாக இருக்கலாம். இரண்டு மூன்று கோழிகள் ஒருசேரச் சோர்ந்து, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாய்திறந்து மூச்சுவிட்டு, கழுத்தைத் திருகிக்கொண்டால் எண்ணெய் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். அவற்றைப் பிரித்துவைத்து 1962 என்ற எண்ணுக்கோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ தெரிவியுங்கள். சந்தைக்குக் கொண்டுபோனால் நோய் ஊரெல்லாம் பரவும். நோய் கண்டபின் குணப்படுத்தும் மருந்து இல்லை. குஞ்சுக்கு 7ஆம் நாளில் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் இறக்கையில் தடுப்பூசியும் போடுவதே காப்பு. பின்னர் ஊரில் தடுப்பூசி முகாம் நடக்கும்போதெல்லாம் தவறாமல் போட்டுக்கொள்ளவும்.

பயிர்த் துறையைச் சேர்ந்தவன் என்ற முறையில் மற்றொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. நிலக்கடலையும் சோளமும் விதைக்கும் நாள்களில், காலையில் நன்றாக இருந்த கோழி எச்சில் ஒழுக, நடுங்கிச் செத்துக் கிடந்தால், நஞ்சு தின்றிருக்குமோ என்று ஐயப்பட வேண்டும். மருத்துவர் பையைத் திறந்து பார்த்தால், மருந்து கலந்த விதையா என்பது பெரும்பாலும் நிறத்திலும் மணத்திலும் தெரிந்துவிடும். அத்தகைய கோழியைச் சமைக்கக் கூடாது; நாய்க்கும் போடக் கூடாது; ஆழப் புதைத்துவிட வேண்டும். விதைநேர்த்தி செய்த நாளில் கோழிகளைப் பஞ்சாரத்திலேயே வைத்துக்கொண்டு, வரப்பில் சிந்திய விதையை மண்ணிட்டு மூடிவிட்டு, மீந்த விதையைக் கோழி எட்டாத இடத்தில் கட்டி வையுங்கள்.