எல்லைப்புற விவசாயிகளும் பூச்சிக்கொல்லிப் பாதுகாப்பும்

1958ஆம் ஆண்டில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும், நஞ்சு கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாவு மூட்டைகளுடன் ஒரே கப்பலில் ஏற்றி வரப்பட்ட பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கசிந்ததே இதற்குக் காரணம். இதனை ஆராய அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்தே 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் விதிகளும் உருவாயின. அச்சட்டம் சிறு விவசாயியின் தோட்டம் வரை சென்று பயன் தருகிறதா என்பதை அறிய, கேரளத்தின் எல்லைப்புறப் பகுதிகள் நல்ல எடுத்துக்காட்டாகும்.

இரு பகுதிகள்

பாலக்காடு மாவட்டத்தின் முதலமடை, மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்றது. இங்குப் பல தோப்புகள் குத்தகைக்கு விடப்படுகின்றன. இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலைப் பகுதியில் ஏலக்காய் முதன்மைப் பயிர். இலைப்பேன், தண்டுத் துளைப்பான் ஆகியவற்றை ஒடுக்க ஆண்டில் பலமுறை மருந்து தெளிக்கப்படுகிறது. தேனி மாவட்டத்தின் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் ஜீப்புகளில் வந்து இங்கு வேலை செய்கின்றனர். இரு இடங்களிலும் மருந்தைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், தெளிப்பவர் மற்றொருவர். விளைச்சலின் ஆதாயம் முன்னவரைச் சேர, உடல்நலக் கேடு பின்னவரைச் சேர்கிறது. இக்கேட்டின் செலவு சாகுபடிக் கணக்கில் இடம்பெறுவதே இல்லை.

சொல்லும் லேபிளும்

தமிழிலும் மலையாளத்திலும் பூச்சிக்கொல்லியை மக்கள் 'மருந்து' என்றே வழங்குகின்றனர். நஞ்சு என்ற எண்ணத்தை அச்சொல் மறைத்துவிடுகிறது. டப்பாவின் மீதுள்ள சதுரத்தின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டுகிறது: சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் கடுமை குறைகிறது. இந்தி, ஆங்கிலத்துடன், விற்பனையாகும் பகுதியின் ஓரிரு மொழிகளிலும் லேபிள் அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. ஆனால் மலையாளத்தில் மட்டுமே அச்சிட்ட எச்சரிக்கை தமிழ்த் தொழிலாளிக்குப் பயன்படாது. சில்லறையாக வேறு புட்டியில் ஊற்றித் தரும்போது லேபிளே இல்லாமற்போகிறது.

நஞ்சு புகும் வழி

வாய் வழியாகச் சென்றால்தான் ஆபத்து என்பது பரவலான தவறான கருத்து. தெளிப்பவர் உடலில் நஞ்சு பெரும்பாலும் தோல் வழியாகவே புகுகிறது. கரைசல் கலக்கும் நேரமே மிக அபாயமானது. கரிமப் பாஸ்பரஸ் வகை நஞ்சு, நரம்புகளின் இயக்கத்தைச் சீராக வைக்கும் நொதியை முடக்குகிறது. தலைவலி, மிகுந்த வியர்வை, எச்சில் சுரத்தல், கண்மணி சுருங்குதல், தசைத் துடிப்பு ஆகியவை அறிகுறிகள். இவற்றை வெயில் களைப்பு என்று கருதி வாளாவிருத்தல் உயிருக்கே கேடாகும்.

தடையின் எல்லை

காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 2000ஆம் ஆண்டு வரை வான்வழியாகத் தெளிக்கப்பட்ட எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதத்தில் தடை செய்தது. அதே ஆண்டில் கேரள அரசு, கொடிய பூச்சிக்கொல்லிகள் பலவற்றின் விற்பனையை நிறுத்தியது. ஆயினும் மைய அரசின் சட்டப்படி மாநில அரசு விதிக்கும் தடை 60 நாட்களுக்கே செல்லும். தேவையாயின் மேலும் 30 நாட்கள் நீட்டிக்கலாம். ஒரு மாநிலத்தில் மட்டும் தடை இருந்தால், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள அண்டை மாநிலக் கடை அதனைப் பயனற்றதாக்கிவிடக்கூடும்.

செய்யத்தக்கன

முதலாவதாக, எல்லைப்புறக் கடைகளில் தமிழ், மலையாளம் ஆகிய இரு மொழிகளிலும் லேபிள் கட்டாயமாக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, பயிற்சி முகாம்களுக்கு நில உரிமையாளரோடு தெளிப்பவரையும் அழைக்க வேண்டும். மூன்றாவதாக, முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி ஆகியவற்றை வேலை தருபவரே வழங்க வேண்டும். அணிந்த உடையைத் தனியே துவைக்க வேண்டும். நான்காவதாக, காலி டப்பாக்களை உடைத்து, குடியிருப்புக்கும் நீர்நிலைக்கும் அப்பால் புதைக்க வேண்டும்; அவற்றில் குடிநீர் எடுத்தல் கூடவே கூடாது. ஐந்தாவதாக, ஏலக்காய்ப் பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்யும் தேனீக்களைக் காக்க, காலையில் தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும். தேனீ குறைந்தால் காய் பிடிப்பதும் குறையும்.

இவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை. இரு மாநில வேளாண் அலுவலர்களும் ஒரே மேசையில் அமர்ந்து திட்டமிட்டால் போதும். நஞ்சுக்கு மாநில எல்லை தெரியாது. அதைத் தடுக்கும் முயற்சியும் எல்லையில் நின்றுவிடலாகாது.