பெயரில் பிறக்கும் மேக்ரோ பிழைகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

விரிதாளில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலைகளை ஒரே சொடுக்கில் முடிப்பதற்காக எழுதிவைக்கப்படும் கட்டளைத் தொகுப்பே மேக்ரோ எனப்படுகிறது. அது தாள், வரைபடம், பொத்தான் முதலியவற்றைப் பெரும்பாலும் பெயர் சொல்லியே அழைப்பதால், பெயர் பிசகினால் வேலையும் நின்றுவிடுகிறது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்களை, அதாவது ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்து கல்லாகிப்போன அடிமரங்களை, ஒரு மாணவர் எக்செல் கோப்பில் பதிவு செய்வதாகக் கொண்டு, இதுபற்றி நிலவும் நான்கு நம்பிக்கைகளை இங்கே சரிபார்க்கலாம்.

நம்பிக்கை 1: தாளின் பெயரை மாற்றினால் மேக்ரோவும் தானே திருத்திக்கொள்ளும்.

உண்மை: தானே திருந்துபவை கலங்களில் உள்ள சூத்திரங்கள் போன்றவையே. மேக்ரோவில் மேற்கோள் குறிகளுக்குள் உள்ள பெயர் வெறும் எழுத்துச் சரம் என்பதால், தாளின் பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி சேர்ந்தாலும் ‘சப்ஸ்கிரிப்ட் அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்னும் 9ஆம் எண் பிழை தோன்றும். கேட்ட பெயரில் எதுவும் இல்லை என்பதே அதன் பொருள். ஒவ்வொரு தாளுக்கும் கீழ்ப்பட்டையில் தெரியும் பெயரைத் தவிர, மேக்ரோ எழுதப்படும் விபிஏ நிரல் திருத்தியின் பண்புகள் பலகத்தில் காணப்படும் நிரல்பெயர் ஒன்றும் உண்டு. மேக்ரோவும் தாளும் ஒரே கோப்பில் இருக்குமானால் அந்த நிரல்பெயரால் அழைப்பதே பாதுகாப்பானது. பட்டையில் எதை மாற்றினாலும் அது மாறாது.

நம்பிக்கை 2: தாளுக்குத் தமிழில் பெயர் வைத்ததுதான் தவறு.

உண்மை: எக்செல் தாள்கள் தமிழ்ப் பெயர்களைத் தடையின்றி ஏற்கின்றன. இடறுவது விபிஏ நிரல் திருத்திதான். அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துக் குறியீட்டு முறையையே சார்ந்திருப்பதாலும், அம்முறையில் தமிழுக்கு இடமில்லாததாலும், ‘திருவக்கரை’ என்று ஒட்டினால் பத்துக் கேள்விக்குறிகள்தான் பதிவாகின்றன. பெயரை ஒரு கலத்தில் எழுதிவைத்து மேக்ரோவை அங்கிருந்து படிக்கச் செய்தால் தமிழ்ப் பெயரை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை 3: தாளின் பெயருக்கு 31 எழுத்துகள் வரை இடமுண்டு என்பதால், தமிழிலும் 31 எழுத்துகள் எழுதலாம்.

உண்மை: எக்செல் எண்ணுவது கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை அல்ல, குறியீட்டு அலகுகளை. ‘தி’ என்னும் ஓரெழுத்து, தகரமும் இகரக் குறியுமாக இரண்டு அலகுகளாகிறது. ‘திருவக்கரை தேசியக் கல்மரப் பூங்கா’ என்ற பெயரில் இடைவெளிகளையும் சேர்த்துக் கண்ணுக்குத் தெரிபவை 21, கணக்கில் வருபவை 33. ஆகவே இப்பெயரை ஒரு தாளுக்கு இடுமாறு மேக்ரோ கட்டளையிட்டால் 1004ஆம் எண் பிழை எழும். சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, உடுக்குறி, சதுர அடைப்பு ஆகியவற்றுக்கும் தாளின் பெயரில் இடமில்லை. 12/05/2024 என்று தேதியையே பெயராக இடும் மேக்ரோ தவறுவது இதனால்தான்.

நம்பிக்கை 4: பிழைச்செய்தி வரவில்லையென்றால் பெயர்கள் சரியாக உள்ளன.

உண்மை: இதுவே நான்கிலும் ஆபத்தானது. எக்செல் 2007இல் நெடுவரிசைகள் 256இலிருந்து 16,384 ஆகப் பெருகியபோது, டி, ஏ, எக்ஸ் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளோடு 2004 என்ற எண்ணைச் சேர்த்துப் பழைய கோப்புகளில் கலத்தொகுதிகளுக்கு இட்டிருந்த பெயர், உண்மையான ஒரு கலத்தின் முகவரியாகவும் ஆகிவிட்டது. பழைய கோப்பைப் புதிய வடிவத்துக்கு மாற்றும்போது எக்செல் அப்பெயரின் முன் ஓர் அடிக்கோட்டைச் சேர்த்துவிட, பழைய பெயரையே சொல்லும் மேக்ரோவோ எங்கோ ஒதுங்கிக் கிடக்கும் வெற்றுக் கலத்தைப் படித்துவிட்டு எந்த முறையீடும் இன்றி முடிகிறது. 9ஆம் எண் பிழை வேலையை நிறுத்தித் தவறு நேர்ந்த இடத்தைக் காட்டிவிடுகிறது. செய்தியின்றி நேரும் இந்தப் பெயர்ப் பிழையோ கூட்டுத்தொகை குறைந்திருப்பதை யாரேனும் கவனிக்கும்வரை வெளியே தெரிவதில்லை.